வீட்டுக்கு வரும் நர்ஸ்: படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

தாழம்பூ எழுதியது:

வணக்கம் தோழிகளே. எனக்கு இது தலைச்சன் குழந்தை, 26 வாரம் ஆகிறது. போன முறை செக்கப்புக்குப் போனபோது கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். வீட்டு வருகைத் திட்டமாம். கையெழுத்துப் போட்டால் இப்போதிருந்தே மாதம் இரண்டு முறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவார். பிரசவம் ஆன முதல் வாரங்களில் அடிக்கடி வருவார். குழந்தைக்கு இரண்டு வயது ஆகிறவரை தொடரும். செலவு இல்லை, கட்டாயமும் இல்லை.

படிவம் ஒரு வாரமாக மேசை மேலேயே கிடக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், அப்படியே வைத்துவிடுகிறேன். "நம்ம வீட்டைச் சோதனை போடவா வர்றாங்க?" என்கிறார் கணவர். "நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தா நாங்க பிள்ளை வளர்த்தோம்?" என்கிறார் அம்மா. எனக்கோ வேறு பயம். எனக்கு எதுவும் தெரியாது என்பதை ஒருத்தர் என் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுவாரே என்று கூச்சமாக இருக்கிறது. வீடும் சின்னது, எப்போதும் துணி மடிக்காமல் கிடக்கும்.

அதே சமயம், மருத்துவமனையில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் மறந்துபோகிறது. வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ என்ற நினைப்பிலேயே எழுந்து வந்துவிடுகிறேன். வீட்டில் வைத்துப் பேசினால் கேட்டுவிடுவேனோ என்றும் தோன்றுகிறது.

இப்படி ஒரு திட்டத்தில் இருந்தவர்கள், அதில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உண்மையில் என்ன நடக்கும்? பலன் உண்டா?

---

மின்மினி எழுதியது:

சேருங்கள் தாழம்பூ. எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதல் பத்து நாள் ராத்திரி எல்லாம் போனில் தேடித் தேடிப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

---

கைவிளக்கு எழுதியது:

நான் 14 வருடமாக வீட்டு வருகை நர்ஸாக இருக்கிறேன். என்ன நடக்கும் என்று கேட்டீர்கள், அதையே சொல்கிறேன்.

முதல் வருகையில் நான் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே உட்காரட்டும்?" என்பதுதான். அது உங்கள் வீடு. மருத்துவமனையில் நீங்கள் எங்கள் இடத்துக்கு வருகிறீர்கள், இங்கே நாங்கள் உங்கள் இடத்துக்கு வருகிறோம். இந்த வேலையில் எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. மடிக்காத துணியைப் பற்றிச் சொன்னீர்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் மடிக்காத துணி இல்லாவிட்டால்தான் எனக்குக் கவலை வரும், இந்த அம்மா ஓய்வே எடுப்பதில்லையோ என்று.

கர்ப்ப காலத்தில் வரும்போது பிபி பார்ப்போம். கை, முகம் வீங்கியிருக்கிறதா, தலைவலி இருக்கிறதா, கண் மங்கலாகத் தெரிகிறதா, குழந்தை வழக்கம்போல அசைகிறதா என்று கேட்போம். இதெல்லாம் செக்கப்பிலும் கேட்பதுதான். வீட்டில் மட்டும் தெரிகிற விஷயம் வேறு. ஒன்று சொல்கிறேன்.

ஒரு வீட்டில், ஆள் அடையாளம் வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு ரத்தம் குறைவு. செக்கப்பில் ஒவ்வொரு தடவையும் "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடுறேன்" என்பார். அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் ரத்தம் ஏறவே இல்லை. நான் வீட்டுக்குப் போனபோது அலமாரியில் கடிகாரத்துக்குப் பின்னால் மூன்று பட்டை மாத்திரை, பிரிக்காமலே இருந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். திட்டவில்லை. "இதைப் போட்டா உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று மட்டும் கேட்டேன். காலையில் வெறும் வயிற்றில் போட்டதும் குமட்டல், மலச்சிக்கல் வேறு. டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று பயம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னேன். டீ, காப்பி குடித்த கையோடு போட வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றேன். டாக்டரிடமும் பேசி வேறு மாத்திரை எழுதி வாங்கினோம். அடுத்த மாதம் ரத்தம் ஏறியிருந்தது. இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த அலமாரி என் கண்ணில் பட்டதுதான் விஷயம்.

பிரசவத்துக்குப் பிறகு வரும்போது நான் முதலில் அம்மாவைத்தான் பார்ப்பேன். எல்லாரும் நேரே தொட்டிலுக்குப் போவார்கள், பச்சை உடம்புக்காரியை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். உதிரப்போக்கு எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா, தையல் போட்ட இடம் எப்படி இருக்கிறது, மார்பு கட்டியிருக்கிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, எல்லாம் கேட்ட பிறகுதான் குழந்தை. எடை, தொப்புள், தோலில் மஞ்சள், மூச்சு. அப்புறம் பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழுத் தடவையும் பார்ப்பேன். வாய் நன்றாகத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, தாடை மார்பில் பட்டிருக்கிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா. "பால் பத்தலை" என்று சொல்லும் பல அம்மாக்களுக்குப் பால் நிறையவே இருக்கிறது. குழந்தை காம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பத்து நிமிட செக்கப்பில் இதை எப்படிப் பார்க்க முடியும்?

---

முல்லைக்கொடி எழுதியது:

கைவிளக்கு சொல்வதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாருக்கும் அப்படி ஒரு நர்ஸ் அமைவதில்லை.

எனக்கு வந்தவர் கதவைத் திறந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கையில் இருந்த கருவியில் படிவம் நிரப்பினார். குடும்ப வருமானம், படிப்பு, இதற்கு முன்னால் கருக்கலைப்பு உண்டா, கணவர் குடிப்பாரா. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இத்தனையும் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றேன். போகும்போது கேட்காமலே சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தார். பவுடர் பால் டப்பா வைத்திருக்கிறேனா என்று பார்த்தாராம். அன்று ராத்திரி எனக்கு ஆத்திரத்தில் தூக்கமே வரவில்லை.

அடுத்த முறை வேறு ஒருவர் வந்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது முறை இன்னொருவர். அதற்கப்புறம் கதவைத் தட்டினாலும் நான் திறப்பதில்லை. என் பிள்ளைக்கு இப்போது 14 மாதம். அவன் பேச்சு கொஞ்சம் தாமதமோ என்று எனக்குள்ளே ஒரு பயம் இருக்கிறது, ஆனால் அவர்களிடம் கேட்க மனம் வரவில்லை.

தாழம்பூ, யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

---

கைவிளக்கு எழுதியது:

முல்லைக்கொடி, உங்களுக்கு நடந்தது தவறு. சமாதானம் சொல்ல வரவில்லை. வீட்டில் மற்றவர்கள் இருக்கும்போது அந்தக் கேள்விகளைக் கேட்கவே கூடாது என்று பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். கணவரால் அடி உண்டா என்ற கேள்வியைத் தனியாக இருக்கும்போது மட்டும்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் போன பிறகு அந்தப் பெண்ணுக்குத்தான் ஆபத்து. அனுமதி கேட்காமல் அலமாரியைத் திறப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. நான் சொன்ன மாத்திரைப் பட்டை அந்தப் பெண்ணே தண்ணீர் எடுக்கத் திறந்த அலமாரியில் கண்ணில் பட்டது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆள் மாறிக்கொண்டே இருப்பது இந்தத் திட்டங்களின் பெரிய நோய். ஒருவரிடம் வேலைப்பளு அதிகம், சம்பளம் குறைவு, போய்விடுகிறார்கள். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் அம்மா முதலிலிருந்து வாய் திறக்க வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

வேறு நர்ஸ் வேண்டும், ஒரே ஆளாக வர வேண்டும் என்று எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அப்புறம், பேச்சைப் பற்றி உள்ள பயத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கிறானா என்று கவனியுங்கள். காது பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

பொது சுகாதாரத் துறையில் தரவு வேலை செய்கிறேன். "பலன் உண்டா" என்று தாழம்பூ கேட்டதற்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். பதில் ஒரே வார்த்தையில் அடங்காது.

இந்த யோசனை புதிதல்ல. 1862ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதியில் பெண்கள் சங்கம் ஒன்று ஏழை வீடுகளுக்கு ஆள் அனுப்பி, குழந்தை வளர்ப்பும் சுகாதாரமும் சொல்லிக்கொடுத்தது. டென்மார்க் 1937லேயே கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு நர்ஸ் போவதற்குச் சட்டம் போட்டது. நெதர்லாந்தில் பிரசவம் ஆனதும் முதல் ஒரு வாரத்துக்கு மேல், நாளுக்குச் சில மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டிலேயே இருந்து தாயையும் குழந்தையையும் பார்த்துக்கொள்வது அங்கே சாதாரண நடைமுறை. உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், முதல் வாரத்தில் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதைப் பரிந்துரைக்கிறது. ஆகவே தாழம்பூவின் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு.

ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் தொடங்கியது. தலைச்சன் கர்ப்பிணிகள் 400 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினர் வீட்டுக்கு மட்டும் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை நர்ஸ் போனார். 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்களில் குழந்தையைத் துன்புறுத்தியதாக அல்லது கவனிக்காமல் விட்டதாகப் பதிவான சம்பவங்கள் மற்றக் குடும்பங்களில் இருந்ததைவிடக் கிட்டத்தட்டப் பாதி. அதையே மெம்ஃபிஸிலும் டென்வரிலும் மறுபடி செய்து பார்த்தார்கள்.

இதை இங்கிலாந்து 2007ல் எடுத்துக்கொண்டுபோய்ப் பதின்வயதுத் தாய்மார்களுக்குச் செய்தது. 1,645 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு ஏமாற்றமாக இருந்தது. கர்ப்ப காலப் புகைப்பழக்கம், பிறப்பு எடை, இரண்டு வருடத்துக்குள் அடுத்த கர்ப்பம், குழந்தையின் அவசர சிகிச்சை, இந்த நான்கில் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. திட்டத்தை எதிர்ப்பவர்கள் இதைத்தான் எப்போதும் காட்டுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாட்டில் மற்றத் தாய்மார்களுக்கும் மருத்துவச்சியும் வீட்டுக்கு வரும் சுகாதார நர்ஸும் ஏற்கெனவே இருந்தார்கள். ஏற்கெனவே விளக்கு எரியும் அறையில் இன்னொரு விளக்கை ஏற்றினால் எவ்வளவு வெளிச்சம் கூடும்? ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏற்றினால் நிலைமை வேறு. என் கணிப்பில், இந்த ஆய்வுகள் முரண்படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வருபவர் யார் என்பதும் கணக்கில் வரும். டென்வரில் நர்ஸ்களையும், நர்ஸ் படிப்பு இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி மட்டும் பெற்றவர்களால் கிடைத்த பலன் நர்ஸ்களால் கிடைத்ததில் ஏறக்குறையப் பாதிதான். இதை வைத்து "நர்ஸ் இல்லாவிட்டால் பயன் இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் தம்பதியினர் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து 39 கிராமங்களில் பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வைத்தார்கள். மூன்றாவது ஆண்டில், திட்டம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999ல் வெளியான இந்த முடிவு பல நாடுகளின் கொள்கையையே மாற்றியது. அங்கே அந்தப் பெண்களுக்கு என்ன பார்க்க வேண்டும், எதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது. கையில் மருந்தும் இருந்தது. வெறுங்கையோடு அறிவுரை சொல்ல மட்டும் ஆளை அனுப்பினால் அந்தப் பலன் வராது.

---

சாரல் எழுதியது:

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. என் கதையைச் சொல்கிறேன்.

இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை நன்றாக வளர்ந்துவிட்டது, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஏழாவது வாரம் நர்ஸ் வந்தார். அன்று வீடு சுத்தமாக இருந்தது, குழந்தையைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டிருந்தேன், தலைவாரிப் பொட்டு வைத்திருந்தேன். எடை பார்த்தார், சரியாக இருந்தது. கிளம்பும் நேரத்தில், பையை மூடிக்கொண்டே கேட்டார்: "நேத்து ராத்திரி குழந்தை தூங்கின நேரத்துல நீங்க தூங்கினீங்களா?"

இல்லை. பத்து நாளாகத் தூங்கவில்லை. குழந்தை அசந்து தூங்கும்போதும் நான் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. "குழந்தை தூங்குதா?" என்று வீட்டில் தினம் பத்துப் பேர் கேட்டார்கள்.

அவர் பையைத் திரும்பக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு தாளைக் கொடுத்தார், பத்துக் கேள்வி. போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமே இல்லாமல் பயந்தீர்களா, இப்படி. கடைசிக் கேள்வியைப் படித்ததும் அழுதுவிட்டேன். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற கேள்வி அது. எனக்கு வந்திருந்தது.

அன்றே டாக்டரிடம் போனில் பேசினார். மறுநாள் நான் போனேன். மருந்தும் ஆலோசனையும் ஆறேழு மாதம் தொடர்ந்தன. இப்போது நன்றாக இருக்கிறேன், பிள்ளைக்கு மூன்று வயது. தாழம்பூ, உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருத்தர் வரட்டும்.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

சாரல் சொன்ன பத்துக் கேள்வித் தாள் 1987ல் எடின்பரோவில் உருவானது. பல மொழிகளில் இருக்கிறது. அது நோயைத் தீர்மானிக்காது, டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று மட்டும் காட்டும். கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அன்றே கவனிக்க வேண்டும். சாரலின் நர்ஸ் அதைத்தான் செய்திருக்கிறார்.

---

விளையாட்டுப்பை எழுதியது:

எல்லாரும் முதல் சில வாரங்களைப் பற்றியே பேசுகிறோம். நான் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் போகிறேன். நர்ஸ் இல்லை, குழந்தை வளர்ச்சிப் பணியாளர். அந்த வயதுக்கு வரும்போது நிறையத் திட்டங்கள் நின்றுவிடுகின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இதற்கு ஜமைக்காவில் நடந்த ஆய்வைத்தான் நான் எப்போதும் சொல்வேன். சாலி கிராந்தம்-மெக்கிரெகர் 1986ல் தொடங்கினார். வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், வயது 9 முதல் 24 மாதம். ஒரு பகுதியினர் வீட்டுக்குச் சுகாதார உதவியாளர் வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போனார். வீட்டில் கிடைக்கும் பொருட்களால் செய்த பொம்மைகளைக் கொண்டுபோய், அம்மாவும் குழந்தையும் விளையாட வைத்தார். அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப்போய்ப் பார்த்தால், வருகை கிடைக்காதவர்களைவிட அவர்களுடைய சம்பாத்தியம் 25 சதவீதம் அதிகம். இதை 2014ல் வெளியிட்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் பொம்மையை எடுத்துத் தாங்களே குழந்தையோடு விளையாடுவார்கள். குழந்தை சிரிக்கும், அம்மா ஓரமாக நின்று பார்ப்பார். அந்த வருகை வீண். நான் இப்போது பையிலிருந்து எடுத்ததும் அம்மா கையில்தான் கொடுப்பேன். போன வாரம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் பத்து மூடியும் கொண்டுபோனேன். அம்மா ஒரு மூடியை உள்ளே போட்டு "உள்ளே!" என்றார். குழந்தை ஒன்றைப் போட்டது. பாட்டிலைக் கவிழ்த்து "வெளியே!" என்றார். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்து "யே!" என்றது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை பிள்ளையோடு பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தாராம். அந்தப் பாட்டில் அங்கேயே இருக்கிறது. வாரத்தில் நான் இருப்பது ஒரு மணி நேரம்தான், மிச்ச நேரமெல்லாம் அவர்தான் இருக்கிறார்.

முல்லைக்கொடி, உங்கள் பையனுக்கும் இது சரியான வயது.

---

தாழம்பூ எழுதியது:

எல்லாவற்றையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். சாரலின் பதிவைப் படிக்கும்போது இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவருக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. நர்ஸ் பார்ப்பதை எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுவாரா? நாங்கள் ஏதாவது தெரியாமல் தப்பாகச் செய்தால் குழந்தையைப் பற்றிப் புகார் போய்விடுமா? அப்பாவுக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்கிறார்.

---

முதல்அப்பா எழுதியது:

அப்பாவுக்கு என்ன வேலை என்ற உங்கள் கணவரின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு நர்ஸ் வரும்போது நான் உள் அறைக்குப் போய்விடுவேன், பெண்கள் சமாச்சாரம் என்று. மூன்றாவது வருகையில் அவரே கூப்பிட்டு, "உங்களையும்தான் பார்க்க வந்தேன், உட்காருங்க" என்றார். குழந்தை அழுதால் எனக்கு என்ன ஆகிறது என்று கேட்டார். அழுதால் மனைவிக்கு என்ன ஆகிறது என்றுதான் அதுவரை எல்லாரும் கேட்டார்கள்.

உண்மையைச் சொன்னேன். ராத்திரி இரண்டு மணிக்கு நிறுத்தாமல் அழும்போது எனக்குக் கோபம் வருகிறது, கை நடுங்குகிறது, அதை நினைத்து வெட்கமாக இருக்கிறது என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானாகக் குறையும் என்றார். பசி, ஈரத்துணி, காய்ச்சல் எல்லாம் பார்த்தும் அழுகை நிற்காமல், உங்களுக்குத் தாங்க முடியாத நிலை வந்தால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் ஐந்து நிமிடம் மூச்சு வாங்குங்கள், அப்புறம் திரும்பி வாருங்கள் என்றார். எந்த நிலையிலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது, குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் என்று ஒரு பொம்மையின் கழுத்தை வைத்துக் காட்டினார்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் இரண்டு முறை பயன்படுத்தினேன். அதைச் சொல்ல அவர் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மாலை நேரத்தில் வரச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் அப்பாக்கள் இருக்கவாவது முடியும்.

---

கைவிளக்கு எழுதியது:

முதல்அப்பாவுக்கு நன்றி. இப்படி வாய்விட்டுச் சொல்லும் அப்பாக்கள் குறைவு.

தாழம்பூ, புகார் பற்றிய கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன். குழந்தையின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் நாங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். பல நாடுகளில் அது சட்டம். ஆனால் குழந்தை பக்கத்தில் தலையணை கிடந்தது, மாத்திரையை மறந்தீர்கள், வீடு கலைந்து கிடக்கிறது, இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. தலையணையை எடுத்துவிட்டு, ஒரு வயதுவரை வெறும் மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைப்பது ஏன் என்று சொல்லிக்கொடுப்போம், அவ்வளவுதான்.

ஆனாலும் கணவரின் பயம் நியாயமானது. நம்பிக்கையைக் கேட்டு வாங்க முடியாது, நாங்கள்தான் சம்பாதிக்க வேண்டும். அதனால் கையெழுத்துப் போடும் முன்னால் போன் செய்து கேளுங்கள். ஒரே ஆள்தான் கடைசிவரை வருவாரா? அவர் லீவில் போனால் யார் வருவார்? என்னைப் பற்றி என்ன எழுதி வைப்பீர்கள், அதை யார் படிப்பார்கள், நான் கேட்டால் எனக்குக் காட்டுவீர்களா? தனியாகப் பேச நேரம் கிடைக்குமா? வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமா? தடுமாறாமல் பதில் சொன்னால் நல்ல திட்டம். முல்லைக்கொடிக்கு இந்தக் கேள்விகளை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் எனக்கு வலிக்கிறது.

அமெரிக்காவின் டர்ஹாமில் ஒரு திட்டம் எனக்குப் பிடிக்கும். ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல், குழந்தை பிறந்த எல்லா வீட்டுக்கும் நர்ஸ் போவார். எல்லார் வீட்டுக்கும் போவதால், "நம்மகிட்ட என்ன குறை கண்டாங்க" என்ற எண்ணமே வருவதில்லை. பலனைப் பார்ப்பதற்காக ஒரு காலகட்டத்தில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்கு மட்டும் போய்ப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு முதல் வருடத்தில் அவசர சிகிச்சை தேவைப்பட்டது பாதியாகக் குறைந்தது. நர்ஸ் வந்தால் ஏதோ குறை என்று அர்த்தம் இல்லை. இதை உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

---

தாழம்பூ எழுதியது (மூன்றரை மாதம் கழித்து):

எல்லாருக்கும் வணக்கம். பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். இன்றோடு 19 நாள்.

அன்றே போன் செய்து கைவிளக்கு சொன்ன கேள்விகளைக் கேட்டேன். எடுத்தவர் கொஞ்சம் திகைத்தார், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரே நர்ஸ்தான் வருகிறார். கர்ப்ப காலத்தில் ஐந்து முறை வந்தார். மூன்றாவது வருகையில் என் பிபி ஏறியிருந்தது. தலைவலி இரண்டு நாளாக இருந்தது, வெயில் என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்று மாலையே மருத்துவமனைக்கு அனுப்பினார். மருந்து ஆரம்பித்தார்கள். 38ஆவது வாரத்தில் பிரசவம், இருவரும் நலம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நர்ஸ் வந்தார். நான் பால் கொடுக்க முடியாமல் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தார், குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார், வாய் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். பிடித்துவிட்டாள். வலி நின்றது. விழுங்கும் சத்தம் அம்மாவுக்கே கேட்டது. "இதை எனக்கு அப்போ யாரும் சொல்லலையே" என்றார் அம்மா. எனக்கு இரண்டு மாதம்தான் தாய்ப்பால் கொடுத்தாராம், பால் இல்லை என்று நிறுத்திவிட்டார்களாம். இத்தனை வருடம் கழித்து அதை முதல் தடவையாகச் சொன்னார். இப்போது நர்ஸ் வரும் நாளில் எனக்கு முன்னாடியே அம்மா கதவுப் பக்கம் போய் நிற்கிறார்.

துணி மடிக்காமல்தான் கிடக்கிறது.

கைவிளக்கு, ஒரு சந்தேகம். இடைப்பட்ட நாளில் எதைக் கண்டால் காத்திருக்காமல் ஓட வேண்டும்? நர்ஸ் சொன்னார், பதற்றத்தில் பாதி மறந்துவிட்டேன்.

---

கைவிளக்கு எழுதியது:

வாழ்த்துகள்! எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், உடம்புச்சூடு 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் போனால், உடம்பு சில்லிட்டால், அழாமல் அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினால், வலிப்பு வந்தால், உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் தெரிந்தால், உடனே மருத்துவமனை. நடுராத்திரி என்று பார்க்க வேண்டாம்.

உங்களுக்கு: துணி துணியாக நனையும் அளவுக்கு உதிரப்போக்கு, காய்ச்சல், நாற்றத்தோடு கசிவு, கடும் தலைவலி, கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல். உங்களுக்கு பிபி இருந்ததால் தலைவலியை இந்த முறை வெயில் என்று விடாதீர்கள். பிரசவம் ஆன பிறகும் ஆறு வாரம்வரை பிபி ஏறலாம்.

---

முல்லைக்கொடி எழுதியது:

தாழம்பூவுக்கு வாழ்த்துகள். நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

இந்த இழையைப் படித்த பிறகு இரண்டு வாரம் யோசித்தேன். அப்புறம், வேறு ஆள் வேண்டும், ஒரே ஆளாக வர வேண்டும், மாமியார் வெளியே போகும் நேரத்தில் வர வேண்டும் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். பத்து நாளில் ஒருவர் போன் செய்து, எந்த நேரம் வசதி என்று கேட்டுவிட்டு வந்தார். வாசலில் நின்று, "உள்ளே வரலாமா? எங்கே உட்காரட்டும்?" என்றார். கைவிளக்கு எழுதியதே நினைவுக்கு வந்தது.

கருவியை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பையன் காரை உருட்டிக்கொண்டிருந்ததை ஐந்து நிமிடம் பார்த்தார். அவன் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. காது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு காதிலும் நீர் கோத்திருந்தது. இப்போது சிகிச்சை நடக்கிறது, ஆறு வாரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்ப்பார்கள்.

விளையாட்டுப்பை, அந்தப் பாட்டில் விளையாட்டுக்கு மூடி எந்த அளவு இருக்க வேண்டும்? இவன் எதைக் கொடுத்தாலும் வாயில் போடுகிறான்.

---

விளையாட்டுப்பை எழுதியது:

நல்ல கேள்வி. டாய்லெட் தாள் சுருளுக்கு உள்ளே இருக்கும் அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற எந்தப் பொருளும் இந்த வயதுக் குழந்தை கையில் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். அகலமான டப்பா மூடிகளை எடுங்கள். சின்னப் பாட்டிலுக்குப் பதில் வாயகன்ற டப்பா வையுங்கள். காது சரியாகிறவரை, "உள்ளே", "வெளியே" சொல்லும்போது அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி எதிரே தரையில் உட்காருங்கள்.